1963ஆம் வருஷத்துப் புல்லட்

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையிலிருந்து இரண்டு இளைஞர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பழைய மோட்டார் சைக்கிள்களைத் தேடி வாங்குகிறவர்களாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போன யாரோ, பெரிய முதலியார்சாவடியில் ஒரு வீட்டுத் திண்ணையோரம் அறுபதுகளின் புல்லட் ஒன்று நிற்கிறது என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். மரியாதையான பிள்ளைகள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வண்டிப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்கள். டார்ச் அடித்து எஞ்சின் நம்பரைப் பார்த்தார்கள், ஃப்ரேம் நம்பரைப் பார்த்தார்கள். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து மட்கார்டில் அங்கங்கே ஒட்டிப் பார்த்தார்கள். அரை மணி நேரம் கழித்து மூத்தவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நல்லா வெச்சிருக்கீங்க சார். ஆனா ஒரிஜினல் இல்லையே. ஃப்ரேமும் கிராங்க்கேஸும்தான் அறுபத்து மூணு. ஹெட்டு எண்பதுகளோடது, டேங்க்கு தொண்ணூறுகளோடது, கார்புரேட்டர் மிக்கார்ப். எல்லாம் கலந்து கட்டின வண்டி.”

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அத்தனையும் நான் கேட்டு, விலை பேசி, வாங்கி மாட்டியவைதான். விற்கிற எண்ணமும் எனக்கு இல்லை. மோர் குடித்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். ஆனாலும் அந்தச் சொல் போகவில்லை. நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். அசல், நகல் என்பவை எனக்குத் தொழில் சொற்கள். எத்தனை ஆயிரம் காகிதங்களில் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்திக் கையெழுத்துக்கு அனுப்பியிருப்பேன்! புல்லட்டில் அசல் எது, நகல் எது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்த யோசனையில் எழுதியது இது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இங்கிலாந்தில் பர்மிங்காமுக்குத் தெற்கே ரெட்டிச் என்று ஓர் ஊர். தையல் ஊசிக்கும் மீன் தூண்டில் முள்ளுக்கும் பேர்போனது. அங்கே ஜார்ஜ் டவுன்சென்ட் என்பவர் தொடங்கிய ஊசிப் பட்டறை நாளடைவில் சைக்கிள் செய்யத் தொடங்கியது. தொழில் நொடித்தபோது 1891இல் ஆல்பர்ட் ஈடியும் ராபர்ட் வாக்கர் ஸ்மித்தும் அதை எடுத்து நடத்தினார்கள். லண்டனுக்குப் பக்கத்தில் என்ஃபீல்டு என்ற இடத்தில் இருந்த அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்து கொடுக்கும் வேலை கிடைத்தது. அந்தப் பெருமையில் தங்கள் சைக்கிளுக்கு ராயல் என்ஃபீல்டு என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ‘துப்பாக்கி போலச் செய்தது’ என்ற விளம்பர வாசகம் வந்ததும் அப்படித்தான். 1901இல் முதல் மோட்டார் சைக்கிள், 1932இல் புல்லட் என்ற பெயர். நாம் அறிந்த புல்லட், அதாவது பின் சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் வைத்த 350 சிசி வண்டி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 1948–49இல் வந்தது. ஊசிப் பட்டறையில் தொடங்கிய கம்பெனியின் வண்டிக்குள்ளும் நிறைய ஊசி வேலை இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

1949இல் கே.ஆர். சுந்தரம் ஐயர் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி இங்கிலாந்து மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்தார். நார்ட்டன், மேட்ச்லெஸ் இவற்றோடு ராயல் என்ஃபீல்டும் வந்தது. 1952இல் இந்திய ராணுவம் புல்லட்டுக்கு ஆர்டர் கொடுத்தது. மறு வருஷம் வண்டிகள் வந்து சேர்ந்தன. எல்லையில் ரோந்து போக மலையிலும் மணலிலும் ஓடிப் பழகிய பிறகு ராணுவம் அதை விடவில்லை. இவ்வளவு வண்டியை எத்தனை நாள் கப்பலில் வரவழைப்பது? 1955இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டினார்கள். 1956இல் வேலை தொடங்கி, இங்கிலாந்திலிருந்து துண்டு துண்டாக வந்த உறுப்புகளைக் கோத்து அந்த வருஷம் 163 வண்டிகளை வெளியே விட்டார்கள். பிறகு 1957இல் உறுப்பு செய்யும் அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962க்குள் எல்லா உறுப்பும் இந்தியாவிலேயே செய்யும் நிலை வந்துவிட்டது.

அதே 1962 ஆகஸ்டு 16ஆம் தேதிதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. ஆட்சி மாறியது 1954 நவம்பரிலேயே என்றாலும் பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒப்புக்கொள்ள எட்டு வருஷம் ஆயிற்று. அப்போது நான் புதுச்சேரியில் தாய்மாமன் வீட்டில் தங்கிப் பிரெஞ்சு மீடியத்தில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மாமா வீட்டில் தினம் ராத்திரி அந்தப் பேச்சுதான். தெருவில் பாதிப் பேர் எழுதிக் கொடுத்தார்கள், பாதிப் பேர் கொடுக்கவில்லை. எல்லோரும் அதே தெருவில்தான் இருந்தார்கள்.

வண்டிக்கு வருகிறேன். ரெட்டிச்சில் அவர்கள் புல்லட்டை வருஷா வருஷம் திருத்திக்கொண்டே போனார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பழைய புல்லட்டையே நிறுத்தினார்கள். 1967இல் ரெட்டிச் தொழிற்சாலை மூடப்பட்டது. 1970இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு என்ற பெயரில் வண்டி செய்வதே நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ 1955இல் என்ன படம் கொடுத்தார்களோ அதே படத்தை வைத்துக்கொண்டு செய்துகொண்டே இருந்தார்கள். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, தனி எஞ்சின், தனி கியர்பாக்ஸ், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். மாற்ற வேண்டும் என்றால் புது அச்சு வேண்டும், அச்சுக்கு அந்நியச் செலாவணி வேண்டும், செலாவணிக்கு டில்லியில் லைசென்ஸ் வேண்டும். மாற்றாவிட்டாலும் ராணுவமும் போலீசும் வாங்கிக்கொள்ளத் தயார். அப்புறம் யார் மாற்றுவார்கள்? நாங்கள் எல்லோரும் இதைத் திட்டியிருக்கிறோம். உலகம் எங்கேயோ போய்விட்டது, இவன் இன்னும் ஐம்பத்தைந்திலேயே நிற்கிறான் என்று.

1977இல் என்ஃபீல்டு இந்தியா இந்த வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. ஐம்பதுகளில் ரெட்டிச் வண்டி வாங்கிக் கொட்டகையில் போட்டிருந்த அங்கத்திய ஆட்களுக்கு உதிரிபாகமும் சென்னையிலிருந்தே போயிற்று. நகல் வைத்திருந்தவனிடம் அசல் வைத்திருந்தவன் வந்து நின்றான். எந்த அலுவலகத்திலும் நான் இப்படி ஒரு கோப்பைப் பார்த்ததில்லை.

என் கதை 1986இல் தொடங்குகிறது. அதற்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே கோட்டக்குப்பத்தில் ஒரு பாயின் பட்டறைக்கு நான் அடிக்கடி போவேன். அவரிடம் புல்லட்டும் ஜாவாவும் பழுது பார்க்க ஆரோவில் வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்களில் பிரெஞ்சுக்காரர்களுக்கு இங்கிலீஷும் சரியாக வராது, தமிழும் வராது. பாய்க்கு இரண்டும் போதும், பிரெஞ்சு வேண்டாம். ஒருநாள் சைக்கிளுக்குக் காற்றடிக்க நின்ற நான் நடுவில் புகுந்து, “கிளட்ச் வழுக்குதுன்னு சொல்றார் பாய்” என்றேன். அன்றிலிருந்து நான் துபாஷி. அவர்கள் ‘ஆம்ப்ரயாழ்’ என்பார்கள், நான் கிளட்ச் என்பேன். ‘சுப்பாப்’ என்றால் வால்வு, ‘பியெல்’ என்றால் கனெக்டிங் ராடு, ‘பூழி’ என்றால் பிளக்கு. பூழிக்கு மெழுகுவத்தி என்றும் பொருள் என்று சொன்னபோது பாய் ரொம்ப நேரம் சிரித்தார். நாலு மாதத்தில் அவரே வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, “ஆம்ப்ரயாழ் போச்சு” என்று அவர்களிடம் நேராகச் சொல்லத் தொடங்கினார். எனக்கு வேலை போயிற்று, ஆனால் அதற்குள் வண்டியின் உடம்பு எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் ஜப்பான் கூட்டு நூறு சிசி வண்டிகள் வந்து இறங்கின. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டாவும் யமஹா ஆர்எக்ஸ் நூறும். பெட்ரோல் போடு, மூடு, மற என்று ஹீரோ ஹோண்டா விளம்பரம் செய்தது. லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்றார்கள். புல்லட் அதில் பாதி கூடக் கொடுக்காது. வைத்திருந்தவர்கள் தள்ளிவிடத் தொடங்கினார்கள். என்னைப்போல் சம்பளம் வாங்குகிறவனுக்குப் புது வண்டியும் எட்டாது, நல்ல நிலையில் இருக்கும் பழைய வண்டியும் எட்டாது. கெட்ட நிலையில் இருப்பது எட்டும். அந்த வருஷம் நான்காவது ஊதியக் குழுவின் உத்தரவு வந்து நிலுவைத் தொகை கைக்கு வந்தது.

மரக்காணத்தில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரரிடம் இந்த வண்டி கிடந்தது. ஏதோ ஓர் அரசாங்க அலுவலகத்தில் ‘கண்டம்’ செய்து ஏலம் விட்டது. என் துறை அல்ல. உப்பளத்துப் பக்கம் ஒரு வேப்ப மரத்தடியில் பல வருஷம் நின்றிருக்கிறது. கார்புரேட்டர் இல்லை, சைலன்சர் இல்லை, சீட் இல்லை. மட்கார்டு கோலம் போடும் தகடு போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. இந்தக் கரையில் உப்புக்காற்று எதையும் விடாது. மூன்று மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் ஜன்னல் கம்பியே உதிரும், ஸ்போக்ஸ் கம்பி எம்மாத்திரம்? கடைக்காரர் எடை போட்டு அறுநூறு ரூபாய் என்றார். நான் வண்டியைத் தொடாமல், “ஆர்.சி. புக்கும் ஏலச் சீட்டும் எங்கே?” என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காகிதத்துக்குத் தனியாக முந்நூறு. முதலில் காகிதத்தை வாங்கிச் சரிபார்த்து, எஞ்சின் நம்பர், ஃப்ரேம் நம்பர் இரண்டையும் அழுக்கைச் சுரண்டி ஒப்பிட்ட பிறகுதான் இரும்புக்குப் பணம் கொடுத்தேன். இன்று பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். தொலைந்த கார்புரேட்டர் கடையில் கிடைக்கும், தொலைந்த ஆர்.சி. கிடைக்காது.

மாட்டு வண்டியில் ஏற்றிப் பாய் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். பாய் சுற்றிப் பார்த்துவிட்டு, “கிளார்க் சார், இதுல உங்களுக்கு வேணுங்கிறது எது?” என்றார். கூலி குறைய வேண்டும் என்பதால் பிரிக்கிற வேலை, கழுவுகிற வேலை, துருத் தேய்க்கிற வேலை என்னுடையது, அறிவு மட்டும் அவருடையது என்று பேசிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமைகளும் அரசாங்க விடுமுறைகளும் போதும் என்று கணக்குப் போட்டேன். ஆறு மாதம் என்றேன், பதினான்கு மாதம் ஆயிற்று.

நான் பிரித்த விதத்தைப் பார்த்துப் பட்டறையே சிரித்தது. அலுவலகத்தில் கோப்பு கட்டும் டேக் கயிற்றில் ஒவ்வொரு உறுப்பையும் கட்டி, ஒரு துண்டு அட்டையில் வரிசை எண் போட்டுப் பால் பவுடர் டப்பாக்களில் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். தனியாக ஒரு நோட்டில் எந்த உறுப்பு எங்கிருந்து, எந்தப் பக்கம் பார்த்து, எத்தனை வாஷரோடு வந்தது என்று குறிப்பும் படமும். கழற்றியதை நாளைக்கு மறுபடி மாட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு கழற்றுவதுதான் இந்த வேலையில் பாதி. பழக்கமில்லாதவன் ஆர்வத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடுவான். ஆறு மாதம் கழித்து ஒரு டப்பா நிறைய நட்டும் போல்ட்டும் இருக்கும், எது எங்கே என்று தெரியாது. அப்படிப் பிரித்துப் போட்டதோடு சாக்கில் கட்டி விற்கப்பட்ட வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சிரித்த பாயே பிறகு கியர்பாக்ஸ் கோக்கும்போது, “சார், அந்த நோட்டுல என்ன எழுதிருக்கீங்க பாருங்க” என்று கேட்டார்.

என்னை உண்மையில் திணறடித்தது ஸ்பானர்தான். பள்ளியில் நான் படித்தது மீட்டரும் கிராமும். ஊருக்கு லீவில் வந்தால் கெஜம், வீசை, படி. நம் நாட்டில் மெட்ரிக் அளவுச் சட்டம் 1956இல் வந்தது, புதுப் பைசா 1957 ஏப்ரலில் வந்தது. ஆனால் அதே சமயத்தில் திருவொற்றியூருக்கு வந்த வண்டிக்கு அந்தச் சட்டம் தெரியாது. அதன் மரைகளில் ஒன்று விட்வொர்த், ஒன்று சைக்கிள் மரை, அங்கங்கே பிற்காலத்து மில்லிமீட்டர். பிரெஞ்சில் ஸ்பானருக்கும் சாவிக்கும் ஒரே சொல்தான், ‘க்ளே’. பதினான்கு என்று போட்ட க்ளே என்றால் அதன் வாய் பதினான்கு மில்லிமீட்டர், அவ்வளவுதான். விட்வொர்த் ஸ்பானரில் கால் என்று பொறித்திருந்தால் அதன் வாய் கால் அங்குலம் இல்லை. அது பிடிக்கும் போல்ட்டின் தண்டு கால் அங்குலம். வாய் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு ஞாயிறு போயிற்று. மரையின் கோணமும் வேறு, விட்வொர்த்துக்கு 55 பாகை, மெட்ரிக்குக்கு 60. பார்க்க ஒன்றுபோல இருக்கும் நட்டைப் பலமாகத் திருகி ஏற்றினால் ஏறும், போல்ட் செத்துப்போகும். நான் இரண்டைக் கொன்றேன். எல்லா நட்டுக்கும் ஒரே திருகு ஸ்பானரை வைத்து ஓட்டலாம் என்று பார்த்தபோது பாய் பிடுங்கி வைத்துவிட்டார், முனையெல்லாம் மழுங்கிவிடும் என்று. அந்தத் திருகு ஸ்பானருக்குப் பிரெஞ்சில் ‘க்ளே ஆங்கிலேஸ்’ என்று பெயர், ஆங்கிலேயச் சாவி. ஆங்கிலேயர் வண்டிக்கே ஆங்கிலேயச் சாவி ஆகவில்லை.

இன்னொரு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். புல்லட்டின் ஹெட்லைட்டும் ஸ்பீடோமீட்டரும் அம்மீட்டரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அந்தத் தலைப்பகுதிக்கு, இரண்டு பக்கமும் சின்னக் கண் போல பைலட் விளக்கு இருக்குமே, அதற்கு ரெட்டிச்சில் வைத்த பெயர் ‘கஸ்கெட்’. பிரெஞ்சில் தொப்பி. பட்டறையில் அதையும் எஞ்சினில் வைக்கும் கேஸ்கெட்டையும் ஒரே சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது தொப்பி என்று நான் சொன்ன பிறகு பையன்கள் அதைத் தொப்பி என்றே அழைக்கத் தொடங்கினார்கள்.

எஞ்சினைத் திறந்தபோது பயந்த அளவு மோசமில்லை. சிலிண்டர் தேய்ந்திருந்தது. லேத் பட்டறையில் போர் போட்டு முப்பது ஓவர்சைஸ் பிஸ்டன் வைத்தோம். முப்பது என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு பெரியது. இருபதோடு முடித்திருந்தால் இன்னும் இரண்டு முறை போர் போட இடம் இருந்திருக்கும், ஆனால் துரு அவ்வளவு ஆழம் போயிருந்தது. ஹெட்டில் வெடிப்பு இருந்ததால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் விசாரித்து, கடைசியில் புதுப்பேட்டையில் நாலைந்து வருஷமே ஓடிய ஒரு வண்டியின் ஹெட்டை வாங்கினேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உட்காருமா என்று எனக்குச் சந்தேகம். இருபது வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கும் இரண்டு இரும்பு. பாய் துணியால் துடைத்து, ஸ்டட்டில் இறக்கினார். பெட்டியில் மூடி உட்காருவதுபோல் உட்கார்ந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஐம்பத்தைந்திலேயே நிற்கிறான் என்று நாங்கள் திட்டினோமே, அவன் நின்றதால்தான் 1963ஆம் வருஷத்து வண்டியில் எண்பதுகளின் ஹெட் உட்கார்ந்தது. வருஷா வருஷம் புது மாடல் என்று போயிருந்தால் என் வண்டி எடைக்குப் போன இரும்பாகவே இருந்திருக்கும். மைசூரின் ஜாவா, யெஸ்டி வைத்திருந்த என் சிநேகிதர்களைக் கேளுங்கள். 1996இல் அந்தத் தொழிற்சாலை மூடிய பிறகு ஒரு சின்ன உறுப்புக்கு எத்தனை ஊர் அலைந்தார்கள் என்று சொல்வார்கள்.

பிக் எண்டு என்று சொல்லும் இடத்தில் பெரும்பாலான வண்டிகளில் ரோலர் பேரிங் இருக்கும். இந்தப் பழைய புல்லட்டில் மிதக்கும் புஷ் ஒன்றுதான், எண்ணெய்ப் படலத்தின் மேல் சுற்றுவது. எண்ணெய் சரியாக வந்தால் பல வருஷம் ஓடும், வராவிட்டால் ஒரே நாளில் போகும். எண்ணெய்க்கென்று தனி டாங்கி வெளியே கிடையாது, கிராங்க்கேஸுக்குள்ளேயே ஓர் அறை. வேப்ப மரத்தடியில் நின்ற வருஷங்களில் அந்த அறையில் சேறு கட்டியிருந்தது. அதைச் சுரண்டிக் கழுவ எனக்கு இரண்டு ஞாயிறு. பம்ப்பின் துவாரத்தை சைக்கிள் கம்பியால் குத்தி, ஊதி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி ஊதினேன். புஷ் புதிதாக லேத்தில் கடைந்து வைத்தோம். எங்கே பணத்தை மிச்சம் பிடித்தாலும் இந்த இடத்தில் பிடிக்கக் கூடாது என்பது பாயின் கட்டளை. மிச்சம் பிடித்தது வெளியே தெரிகிற இடங்களில்தான். ரிம்முக்குக் குரோமியம் பூச வேண்டாம் என்று அலுமினியப் பெயிண்ட். மட்கார்டு ஓட்டைகளைத் தகரம் அடிப்பவரிடம் கொடுத்து ஒட்டுப் போட்டேன். காந்தம் ஒட்டிப் பார்த்த பிள்ளைக்கு அது ஏமாற்றம் தந்திருக்காது, இரும்புக்கு இரும்புதான் ஒட்டினோம். பெட்ரோல் டேங்கின் உள்துருவைப் போக்கச் சின்ன ஜல்லியும் மண்ணெண்ணெயும் ஊற்றி, தெருப் பிள்ளைகளிடம் கொடுத்துக் குலுக்கச் சொன்னேன். ஒரு கை கமர்கட்டுக்கு மத்தியானம் முழுக்கக் குலுக்கினார்கள்.

இரும்பும் காகிதமும் 900 ரூபாய். மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூறில் முடிப்பது என் திட்டம். முடிந்தது 4,650. நிலுவைத் தொகை பாதியிலேயே தீர்ந்தது. மீதிக்கு அலுவலகச் சீட்டைத் தள்ளி எடுத்தேன். அந்தச் சீட்டு வீட்டுக்குக் கிணற்றில் மோட்டார் வைக்கப் போட்டது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சீட்டு வரும்வரை இருபது மாதம், ஒவ்வொரு நாளும் காலையில் நான் எழுந்திருக்கிற நேரம் பார்த்து வாளியைச் சத்தமாக வைப்பாள். புல்லட் முதல் முறை சத்தம் போட்டது அதற்கப்புறம்தான்.

அந்த முதல் சத்தத்துக்கும் விலை கொடுத்தேன். பழைய புல்லட்டை மிதித்துக் கிளப்பத் தெரிந்தவர்களுக்கு முறை தெரியும். டிகம்ப்ரஸர் கொக்கியைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாகத் தள்ளி, அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடத்தைப் பார்த்து, அங்கிருந்து ஒரே முழு உதை. அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும். நான் பாய் வருவதற்குள் நாமே கிளப்பிவிடலாம் என்று நினைத்தேன். பாயிண்ட் இடைவெளியும் டைமிங்கும் நான் வைத்தவை, தவறாக வைத்திருந்தேன். கணுக்கால் வீங்கி, மூன்று நாள் தற்செயல் விடுப்பு. நாலாம் நாள் பாய் டைமிங்கைத் திருத்தி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டாவது உதையில் கிளப்பினார். வண்டியைவிட அவர் நிதானமாக இருந்தார். பொறாமையாக இருந்தது.

அதை ஓட்டிக்கொண்டு முதல் முறை ராத்திரி ஊருக்குள் வந்தபோது நடந்ததை இன்றும் பேசுவார்கள். எங்கள் ஊர் தமிழ்நாடு, கூப்பிடு தூரத்தில் புதுச்சேரி எல்லை. அந்த எல்லையைச் சாராயம் எப்படியெல்லாம் தாண்டும் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போது புல்லட் சத்தம் என்றாலே போலீஸ் என்று பொருள். சவுக்குத் தோப்பு ஓரமாகச் சைக்கிளில் டியூபோடு வந்துகொண்டிருந்த இருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். நான் நிறுத்தி, “நான்தான்ப்பா, கிளார்க்கு” என்று கத்தினேன். ஒரு மாதம் வரை அவர்கள் என் முகத்தைப் பார்த்தால் வேறு பக்கம் போனார்கள்.

இருபத்து நாலு வருஷம் அதில்தான் அலுவலகம் போனேன். ஒரு பக்கம் கடல் உப்பு, மறு பக்கம் ஆரோவில் மேட்டின் செம்மண் தூசி. ஏர் ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவாவிட்டால் அது வெளியே துப்பும் புகையிலேயே தெரிந்துவிடும். 2011இல் ஓய்வு பெற்றேன். அந்த வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கரையைக் கடந்தது நினைவிருக்கும். கொட்டகையும் ஒரு தென்னையும் வண்டிமேல் விழுந்தன. டேங்க் நசுங்கி, தொப்பி பிளந்து, முன் ஃபோர்க் வளைந்து கிடந்தது. அதற்குள் திருவொற்றியூரில் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினையே நிறுத்தியிருந்தார்கள். புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு அது ஈடுகொடுக்காது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாக வார்த்த புது எஞ்சின் வந்துவிட்டது, கியரும் இடது காலுக்குப் போய்விட்டது. பாயும் அப்போது இல்லை. அவர் மகன் பார்த்துவிட்டு, “விட்ருங்க மாமா” என்றார். நான் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். நசுங்கிய டேங்குக்குப் பதில் தொண்ணூறுகளின் டேங்க் ஒன்று புதுச்சேரியிலேயே, காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிடைத்தது. ஃபோர்க் குழாய் டில்லி கரோல் பாகிலிருந்து பார்சலில் வந்தது. மாட்டினோம், உட்கார்ந்தது. என் நோட்டில் இருந்த வாஷர் கணக்குக்கூடச் சரியாக இருந்தது.

இப்போது சட்டமும் அசலைப் பற்றிப் பேசுகிறது. 2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன வண்டி, மூல வடிவில் இருக்க வேண்டும், ஃப்ரேமிலோ எஞ்சினிலோ கணிசமான மாற்றம் செய்திருக்கக் கூடாது. எண் பலகையில் ‘விஏ’ என்று வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். அப்படிப் பதிந்தால் தினசரி சாலையில் ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டுபோகலாம். விதியைப் படித்துப் பார்த்தேன், ஒரு பழைய குமாஸ்தாவாக அதில் குறை சொல்ல முடியவில்லை. வார்த்தைகள் சரியாகத்தான் இருக்கின்றன. ஆனால் கண்ணாடிப் பெட்டியில் வைத்த வண்டிகளை மனதில் வைத்து எழுதியது அது. வேலைக்குப் போன வண்டிக்கு மூல வடிவு எது? ரெட்டிச்சின் படம், திருவொற்றியூரின் வார்ப்பு, அலுவலக வேப்ப மரத்தடி, புதுப்பேட்டை ஹெட், பாய் வைத்த டைமிங், தானேக்குப் பிறகு வந்த டேங்க். இதில் எந்த நாளை அசல் என்று குறித்து முத்திரை குத்துவது? எனக்குத் தெரிந்து அந்த வண்டியில் ஒருநாளும் மாறாதது ஆர்.சி. புக்கில் உள்ள இரண்டு எண்கள்தான். அதற்குத்தான் முந்நூறு ரூபாய் தனியாகக் கொடுத்தேன்.

அதனால் விண்டேஜ் பக்கம் போகவில்லை. வழக்கம்போல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற பழைய பதிவே போதும் என்று விட்டுவிட்டேன். அடுத்தது 2027இல் வருகிறது. அப்போது வண்டிக்கு 64, எனக்கு 76. ஆய்வுக்கு வண்டியை நேரில் கொண்டுபோய்க் கிளப்பிக் காட்ட வேண்டும். முழங்கால் வலியில் என்னால் இப்போது கிக் அடிக்க முடியாது. அடிப்பது என் மருமகன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கிக்கரில் காலை வைத்துக்கொண்டு நிற்பார், நான் தொப்பியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன், முள் நடுவுக்கு வந்ததும் “ம்” என்பேன்.